செயலாளரின் ஆண்டறிக்கை: இலவசச் சட்ட உதவி தேடி அலைந்த உறுப்பினர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் மாதந்தோறும் தவறாமல் கூடியது. சந்தா, நூலகம், மருத்துவ முகாம் பற்றிய விவரங்களைப் பொருளாளர் தம் அறிக்கையில் தந்திருக்கிறார். சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத உறுப்பினர்கள் இலவசச் சட்ட உதவி கேட்டுப் போகும்போது சங்கத்திலிருந்து ஒருவர் துணைக்குப் போய்வந்தோம். அங்கே கண்டதைப் பேசவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறேன்.

உதவி இல்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "இந்த வகை வழக்கு நாங்கள் எடுப்பதில்லை, அங்கே கேளுங்கள்" என்பார்கள். அங்கே போனால் இன்னொரு தாள் கேட்பார்கள். ஒவ்வொரு மேசையிலும் நடந்ததை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு இதுவே பெரிய செலவு.

வீட்டு வேலை செய்யும் நம் உறுப்பினர் ஒருவரை, சம்பளப் பாக்கியைத் தராமலே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். உதவி பெறத் தகுதி உண்டா என்று பார்க்க வருமானச் சான்று கேட்டார்கள். இத்தனை காலமும் சம்பளம் கையில்தான் வந்தது. வங்கிக் கணக்கில் எதுவும் ஏறவில்லை. "வேலை கொடுத்தவரிடம் எழுதி வாங்கி வாருங்கள்" என்றார் அலுவலர். யார்மீது புகாரோ அவரிடமே போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டும்! அந்த அம்மா விண்ணப்பத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். உடன் போயிருந்த நம் துணைத்தலைவர், வருமானம் இவ்வளவு என்று அவரே எழுதிக் கையெழுத்திடும் உறுதிமொழிக் கடிதம் ஏற்கப்படுமா என்று கேட்ட பிறகுதான், ஏற்கப்படும் என்ற பதில் வந்தது. கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் வழியை உதவி என்று எப்படிச் சொல்வது?

வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த குடும்பத்துக்கு வேறு சிக்கல். பதில் தர வேண்டிய கெடு முடிந்த பிறகுதான் ஆலோசனைக்கு நாள் கிடைத்தது. நாம் வரிசையில் காத்திருக்கிறோம் என்பதற்காகச் சட்டம் விதித்த கெடு நிற்பதில்லை. வருமான வரம்பைச் சற்றே தாண்டிவிட்டார் என்று திருப்பி அனுப்பப்பட்டவரும் உண்டு. எவ்வளவு வருகிறது என்று பார்த்தார்கள். அதில் கடனுக்கும் மருந்துக்கும் எவ்வளவு போகிறது என்று பார்க்கவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது ஜீவனாம்சம் கேட்டுப் போன ஒரு பெண்ணின் நிலை. இலவச ஆலோசனை மையம் ஒன்றுதான் எட்டும் தூரத்தில் இருந்தது. கணவர் முந்திக்கொண்டு அங்கே ஆலோசனை பெற்றிருந்தார். ஒரே வழக்கில் இரு தரப்புக்கும் ஒரே இடம் ஆலோசனை தரக்கூடாது என்பது தொழில் நெறி. அந்த நெறியில் குறை காண முடியாது. ஆனால் பணமுள்ளவர் அடுத்த வழக்கறிஞரிடம் போவார். இவர் யாரிடம் போவார்?

இது நம் உறுப்பினர்களின் பாடு மட்டுமல்ல என்பது படிப்பு வட்டத்தில் ஒரு வழக்கறிஞர் பேசியபோது தெரிந்தது. அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டு கிடியன் வழக்கின் தீர்ப்பு, கடுமையான குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வழக்கறிஞர் தர வேண்டும் என்றது. வீடு, கடன், சம்பளம் போன்ற உரிமையியல் வழக்குகளுக்கு அப்படிப் பொதுவான உரிமை அங்கே இன்றும் இல்லை. இங்கிலாந்தில் 1949இல் சட்டமாகி வளர்ந்த உதவித் திட்டத்திலிருந்து, 2013இல் குடும்ப வழக்குகளிலும் வேலை தொடர்பான வழக்குகளிலும் பெரும்பாலானவை நீக்கப்பட்டன. இந்தியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் உள்ளோருக்கும் வருமானம் பார்க்காமலே உதவி உண்டு என்கிறது. வருமானச் சான்று இல்லாமலும் உதவி தர முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம் என்பது என் கருத்து.

இலவசமாக வழக்காடும் வழக்கறிஞர்களை நான் குறை சொல்லவில்லை. கட்டுக் கட்டாகக் கோப்புகளுக்கு நடுவே நம்மவர்களைப் பொறுமையாகக் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. ஆள் போதவில்லை, நேரம் போதவில்லை.

நம்மால் ஆனது இது. நடந்ததைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதித் தருகிறோம். கடைசிக் கெடுவை அதன் தலைப்பிலேயே பெரிதாகக் குறிக்கிறோம். நோட்டீஸ் வந்த உறையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். எப்போது அனுப்பப்பட்டது என்பதற்கு அதன் அஞ்சல் முத்திரை சாட்சி. உதவி மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்கிறோம். எழுதிக் கேட்டவுடனே மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட விண்ணப்பமும் உண்டு. அந்த வீட்டு வேலை உறுப்பினரின் மனு ஏற்கப்பட்டு, வழக்கறிஞர் நியமிக்கப்பட்டிருக்கிறார். பாக்கி இன்னும் வரவில்லை.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். துணைக்குப் போகிறவர்களின் பயணச் செலவைச் சங்க நிதியிலிருந்து தர வேண்டும். சட்ட உதவி மறுக்கப்படும்போது காரணத்தையும், மேல்முறையீட்டு வழியையும் விண்ணப்பதாரருக்கு எழுத்தில் தர வேண்டும் என்று சங்கத்தின் பெயரில் மனு அளிக்க வேண்டும். இவற்றையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்