புதன்கிழமைகளில் டீ குடிக்காமல் காத்திருந்தவர்களுக்கு நன்றி

அரசு எனக்கு வைத்த பெயர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். ஊர் வைத்த பெயர் ‘சுகர் பாக்குற அக்கா’. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்காக, சுயஉதவிக் குழுவிலிருந்து என்னை எடுத்தார்கள். பி.பி. கருவி, சுகர் பார்க்கும் மிஷின், மாத்திரை அட்டைகள், ஒரு நோட்டு. 18 வயதைத் தாண்டியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். அளவு கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்ததும் மாத்திரையை மாதாமாதம் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் முதல் சில மாதங்கள் நான் அதிகம் பார்த்தது பூட்டுகளை.

பெண்கள் விடிந்ததும் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் முதல் நன்றி பணித்தளப் பொறுப்பாளர் தங்கச்சிக்கு. வருகைப்பதிவு போட்டோவை ஏற்றுவதற்கு அவள் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடுவாள். அந்த நேரம் எல்லாரும் சும்மா வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள். “இப்ப வாங்கக்கா, யாரும் எந்திரிச்சுப் போக முடியாது” என்று அவளே கூப்பிட்டாள். சிக்னல் கிடைக்காததால் ஒரு நன்மை நடந்ததென்றால் எங்கள் ஊரில் அது ஒன்றுதான்.

ஆண்களைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. டீக்கடையில் பெஞ்சு போட்டுப் பார்த்தேன். கூட்டம் நன்றாகவே வந்தது. நோட்டைப் பார்த்த கிராம சுகாதார செவிலியர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பாதிப் பேருக்கு 150, 160 என்று இருந்தது. “கையில டீ, வாயில பீடி, அரசியல் சண்டை வேற. இதுல பி.பி. எப்படிம்மா சரியா காட்டும்?” டீ, பீடி எதுவானாலும் அரை மணி நேரம் கழிய வேண்டும், ஐந்து நிமிஷம் பேசாமல், பாதம் தரையில் பட உட்கார வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். பயிற்சியில் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் நான்தான் மறந்துவிட்டேன். அன்று அவர் யார் முன்னாலும் என்னைத் திட்டவில்லை. மறுநாள் கூடவே வந்து அத்தனை பேருக்கும் திரும்பப் பார்த்தார். அதற்கும் சேர்த்து நன்றி அம்மா.

அப்புறம்தான் சலூன் அண்ணன் யோசனை சொன்னார். “என் கடையில எப்படியும் காத்துக்கிட்டுத்தானே இருக்காங்க.” கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றை எனக்கென்றே ஒதுக்கினார். புதன்கிழமை காலையில் டி.வி.யை அணைத்துவிடுவார், வாயைத் திறப்பவர்களை முறைப்பார். முடிவெட்ட வந்து, தனக்கு சுகர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்துபோனவர்கள் இருக்கிறார்கள். டீக்கடை மாமாவுக்கும் கோபமில்லை. புதன்கிழமைகளில், “போய் பாத்துட்டு வா, அப்புறம் தரேன்” என்று வந்த வாடிக்கையாளரையே திருப்பி அனுப்பினார். வியாபாரத்தைத் தள்ளிவைத்து யார் செய்வார்கள் இதை?

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் முகாமைக் கோயில் மண்டபத்தில் வைத்தோம். காலனியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. ஏன் என்று கேட்கவே தேவையில்லை, எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். அங்கன்வாடி டீச்சர்தான், “எங்க தெருவுல வைங்க, எல்லாரும் இங்க வரட்டும்” என்றார். மேலத்தெரு ஆட்கள் முதல் தடவை தயங்கினார்கள். ஊராட்சித் தலைவர் தானே முதல் ஆளாக வந்து கையை நீட்டினார். அவர் மேல் எனக்குக் குடிதண்ணீர் விஷயத்தில் வருத்தம் உண்டு. ஆனாலும் அன்று அவர் செய்ததை மறக்க மாட்டேன்.

மாத்திரையை வாங்கிப் பரணில் போட்டுவிடும் பெரியவர்கள் பற்றித் தனியாகவே எழுதலாம். தலைசுற்றல் நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி கெட்டுவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கவனிக்காமல் விட்டால்தான் கிட்னி கெடும் என்று நான் தொண்டை கட்டச் சொன்னதைவிட, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்ததுதான் பலித்தது. தாத்தாவின் மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணி வரும்படி தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பேத்தி எண்ணுகிறாள் என்றால் எந்தத் தாத்தா ஏமாற்றுவார்!

பக்கவாதம் வந்து படுத்திருந்த கீழத்தெருப் பெரியம்மாவுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் தம்பிக்கும், படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வரும் வலிநிவாரண சிகிச்சை செவிலியருக்கும் வார்த்தை போதாது. பெரியம்மா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை வருகிறார். மாத்திரை கொண்டுபோகிற என்னை, “ஏண்டி, இம்புட்டு லேட்டு?” என்று அங்கிருந்தே அதட்டுகிறார்.

ஆட்டோக்காரத் தம்பி, ரேஷன் கடை அண்ணன், மைக்கில் அறிவித்த கோயில் பூசாரி ஐயா, கணக்கு எழுத உதவிய குழுத் தோழிகள் — விட்டுப்போன பெயர்கள் இருந்தால் சண்டைக்கு வராதீர்கள், நோட்டில் எல்லாம் இருக்கிறது.

வருகிற புதன்கிழமையும் காலை 7 மணிக்கு சலூன் கடையில்தான் இருப்பேன். டீயைப் பிறகு குடிக்கலாம்.