செஸ் பள்ளத்தாக்குப் பாதைத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் நீங்கள் ஒப்புதல் தந்த பாதைத் திருப்பணி நிறைவேறிவிட்டது. லண்டனுக்கு வடமேற்கே உள்ள செஷம் நகரைத் தாண்டி, செஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து மேட்டில் ஏறி, பீச் மரக்காட்டின் ஓரமாகப் போய், மறுபக்க ஒழுங்கையில் இறங்கும் பொதுப்பாதை அது. அதில் ஐந்து கடப்புகள், அதாவது வேலியை ஏறிக் கடக்கும் மரப்படிகள், இருந்தன. மூன்றை எடுத்துவிட்டு இரும்புப் படலை போட்டிருக்கிறோம். நான்காவதை எடுத்த இடத்தில் வேண்டுமென்றே ஒன்றும் போடவில்லை. ஐந்தாவது இன்னும் நிற்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

ஹரோவில் மெட்ரோபொலிட்டன் ரயில் ஏறினால் நேரே செஷமில் இறங்கலாம். காரில்லாத குடும்பங்களும் வயதானவர்களும் நம் சங்கத்தின் நடைகளுக்கு வருவதற்கு அந்த ரயில்தான் காரணம். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் நடக்க முடியவில்லை. பாதையில் ஏறியதும் முதல் வேலியில் ஒரு கடப்பு. இரண்டு குறுக்குப் பலகைகள், அவற்றுக்கு மேலே இடுப்புயரத்துக்கு ஒரு மரச்சட்டம். மேற்பலகை ஒரு பக்கம் உக்கி, மழைக்குப் பாசி பிடித்து வழுக்கும். பிடிக்கக் கைத்தூண் கிடையாது. ஒருவர் இந்தப் பக்கம் தாங்க, இன்னொருவர் அந்தப் பக்கம் "அம்மம்மா, கையைத் தாங்கோ" என்று நிற்க வேண்டும். முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர்களும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த தாய்மாரும் அந்த இடத்திலேயே திரும்பினார்கள். சிலர் பிறகு வரவேயில்லை.

இது யாருடைய தயவிலும் நடக்கும் பாதை அல்ல. 1949 ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் மற்றும் நாட்டுப்புற அணுகல் சட்டப்படி, பொதுவழிகளைப் பதிந்து வரையப்பட்ட உறுதி வரைபடத்தில் உள்ள பாதை. அந்தக் கோட்டில் யாரும் எந்த நாளும் நடக்கலாம். நிலம் பண்ணைக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லோருடையது. வரைபடத்தில் திறந்திருந்த பாதை, ஏற முடியாதவருக்கு முதல் வேலியோடு மூடிக் கிடந்தது. அதைத் திறப்பதே இந்தத் திருப்பணி.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றபோது வழி காட்டியது உள்ளூர் அணுகல் மன்றம். பல உறுப்பினர்கள் இதைப் பற்றிக் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். 2000 ஆம் ஆண்டின் நாட்டுப்புற மற்றும் வழியுரிமைச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. இங்கிலாந்தில் இப்படியொரு மன்றம் அமைப்பது உள்ளூராட்சியின் கடமை. 10 முதல் 22 பேர் வரை உறுப்பினர்கள். சம்பளம் இல்லை. நடப்பவர்கள், குதிரை ஓட்டுபவர்கள், சைக்கிள்காரர்கள் ஒரு பக்கம். நிலச் சொந்தக்காரர்களும் பண்ணைக்காரர்களும் மறுபக்கம். எந்தப் பக்கமும் மிகைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு கூட்டம், பொதுமக்கள் வந்து கேட்கலாம். மன்றம் ஒரு குழிகூட வெட்டாது, எதையும் தீர்மானிக்கவும் முடியாது. ஆலோசனை மட்டும் சொல்லும். ஆனால் அந்த ஆலோசனையைக் கவுன்சில் கருத்தில் எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாங்கள் தனியாக எழுதிய கடிதங்களுக்கு இல்லாத கனம் அதற்கு இருந்தது.

அதைவிடப் பெரிய பயன் வேறு. கடப்பை எடுக்க விரும்பும் நாங்களும், எடுக்கத் தயங்கும் பண்ணைக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். அவருடைய தயக்கம் நியாயமானது. மேல் வயலில் செம்மறிகள், கீழே ஆற்றுப்பக்கத்தில் மாடுகள். கடப்பு எப்போதும் மூடியே இருக்கும், அதை யாரும் திறந்து விட்டுப் போக முடியாது. படலையை ஒருவர் சாத்த மறந்தால் போதும், மந்தை ஒழுங்கைக்கு வந்துவிடும். வழிவழியாக அந்த நிலத்தில் இருப்பவர், எத்தனை படலை திறந்து கிடந்ததைப் பார்த்திருப்பார்! மன்றத்தில் இருந்த இன்னொரு பண்ணைக்காரர்தான், தன் நிலத்தில் போட்ட ஆடும் படலையைப் பற்றிச் சொல்லி அவருடைய மனத்தை மாற்றினார். நாங்கள் நூறு தரம் சொல்லியிருந்தாலும் அது நடந்திராது.

இங்கே கிஸ்ஸிங் கேட் என்கிறார்களே, அந்தப் படலைதான் அது. அரைவட்டக் கம்பிக் கூட்டுக்குள் ஆடும். ஆள் கூட்டுக்குள் நுழைந்து, படலையை மறுபக்கம் தள்ளி, வெளியேறலாம். மாட்டுக்கு அந்த வளைவில் திரும்ப இடமில்லை. பூட்டவோ கொளுவவோ தேவையில்லை. சாத்த மறக்கவும் முடியாது. சிறிய கூட்டில் தள்ளுவண்டி சிக்கும் என்பதால் மூன்று இடத்திலும் பெரிய கூடே வேண்டும் என்று நின்றோம். விலை கூட, ஆனால் அதில் விட்டுக்கொடுத்திருந்தால் இத்தனை பாடும் வீணாகியிருக்கும்.

சரி, அந்த வெறும் இடைவெளி? நடுவில் உள்ள இரண்டு வயலிலும் இப்போது கோதுமைதான். ஆடும் இல்லை, மாடும் இல்லை. முன்பு மேய்ச்சல் நிலமாக இருந்த காலத்துக் கடப்பு அப்படியே நின்றுவிட்டது. தடுக்க ஒரு விலங்கும் இல்லாத வேலியில் படலை எதற்கு? பாதைத் தடைகளுக்கான பிரித்தானியத் தர விதியான 5709 இதைத்தான் சொல்கிறது: முதலில் இடைவெளி, அது சரிவராவிட்டால் படலை, அதுவும் சரிவராவிட்டால் கூட்டுக்குள் ஆடும் படலை, கடப்பு கடைசி. படலை போட்டால்தான் வேலை செய்த மாதிரி இருக்கும் என்று கூட்டத்தில் சிலர் சொன்னீர்கள். செயற்குழு அதை ஏற்கவில்லை. வேலை செய்த நாலு இடத்திலும் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் அந்த வெறும் இடைவெளிதான். துருப்பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை, செலவும் இல்லை, நடப்பவர் நிற்காமல் போகலாம்.

அந்தக் கோதுமை வயலைப் பற்றி ஒரு வார்த்தை. வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை உழலாம், ஆனால் உழுது 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குத் திரும்பவும் நடக்கும்படி செய்து தரவேண்டும். 1990 ஆம் ஆண்டுச் சட்டம் அது. நம் பண்ணைக்காரர் விதைத்த கையோடு டிராக்டரின் சக்கரத்தை அந்தக் கோட்டில் ஓட்டி அமர்த்திவிடுகிறார். கோதுமை முளைக்கும்போது பாதை தெளிவாகத் தெரிகிறது. தயவுசெய்து அந்தக் கோட்டிலேயே நடவுங்கள். சேறு என்று பயிரில் ஏறி நடந்தால் அவருக்கு நட்டம், நமக்குக் கெட்ட பெயர்.

வேலைக்கு வருவோம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம், வேலியில் கை வைக்கக்கூடாது. வசந்தத்தில் குட்டி போடும் ஆடுகள். குளிர்காலத்தில் நிலம் நனைந்து கிடக்கும். ஆகவே அறுவடை முடிந்து மழை பிடிக்கும் முன் உள்ள வாரங்களில்தான் தோண்ட முடிந்தது. படலை செய்து தந்தவர்கள் சொன்ன தேதிக்கு அனுப்பியிருந்தால் இன்னும் கொஞ்சம் காய்ந்த மண்ணில் வேலை செய்திருக்கலாம்.

இந்தப் பள்ளத்தாக்கு அமைந்திருக்கும் சில்டேர்ன் குன்றுகளின் மண் நம் கையைக் கடுமையாகச் சோதித்தது. கீழ்ச் சரிவில் சுண்ணாம்பு. மண்வெட்டிக்கு வழிவிட்டு, வெள்ளையாக, நேரான குழி வரும். மேட்டில் அப்படியில்லை. அங்கே களிமண்ணுக்குள் தேங்காய் அளவு தீக்கற்கள். அலவாங்கு இறக்கினால் கணீர் என்று கேட்டு, மணிக்கட்டு வரை அதிர்வு ஏறும். ஒவ்வொரு கல்லாக நெம்பி, கையால் எடுத்து வெளியே போட்டுத்தான் ஆழம் காணவேண்டியிருந்தது. குழி தோண்ட முன் நிலத்தடிக் கேபிள், தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று வரைபடம் பெற்றுப் பார்த்தோம். தூணை நிறுத்தி, ரசமட்டம் வைத்து, கொங்கிரீட் இட்டு, இறுகும் வரை முட்டுக் கொடுத்தோம். தூண் அரை விரல் சாய்ந்தாலும் படலை தானாக மூடாது. நம் இளைஞர்களில் ஒருவர் மேட்டுப் படலையின் கீழ்ப்பிணைச்சலை மூன்று முறை கழற்றிப் பூட்டினார். இப்போது விட்டுப் பாருங்கள், மெல்ல வந்து "டக்" என்று சேரும். பழைய கடப்பின் பலகைகளை விறகாக்கவில்லை. நல்லதாக இருந்தவற்றைப் பண்ணைக்காரர் தன் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டார். கல்லோடு போராடிய நாட்களில் டிராக்டரும் அவருடையதே. இந்தப் பகுதிப் பாதைகளில் ஆண்டுக்கணக்காகக் கடப்புகளை எடுத்துப் படலை போட்டு வரும் சில்டேர்ன் சொசைட்டியின் தொண்டர்களே நமக்கு முன்மாதிரி.

மஞ்சள் அம்புக்குறி பதித்த வழிகாட்டிக் கட்டைகளும் நட்டாயிற்று. நடைபாதைக்கு மஞ்சள், குதிரைப் பாதைக்கு நீலம். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

செலவு விபரம். வேலியில் உள்ள கடப்பையும் படலையையும் பாதுகாப்பாக வைத்திருப்பது 1980 ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலச் சொந்தக்காரரின் பொறுப்பு. அதற்காகும் நியாயமான செலவில் குறைந்தது கால்பங்கைக் கவுன்சில் தரவேண்டும். பழையதைப் பழுதுபார்ப்பதற்கான ஏற்பாடு அது. நாம் கேட்டதோ அதைவிட நல்லது. ஆகவே கூடுதல் செலவை நாமே ஏற்றோம், கூலி முழுவதும் நம் உடல் உழைப்பு. பெற்றோரின் நினைவாகப் படலைக்குப் பணம் தந்த குடும்பங்களுக்குச் செயற்குழுவின் மனமார்ந்த நன்றி. பெயர்ப் பலகை பொருத்தலாமா என்று சிலர் கேட்டீர்கள். வேறொருவருடைய நிலத்தில், எல்லோரும் நடக்கும் பாதையில், பெயர் எழுதுவது சரியாகப் படவில்லை. பெயர்கள் நம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கும். கணக்காய்வு முடிந்த வரவுசெலவு அறிக்கை அடுத்த பொதுக்கூட்டத்தில் சபைமுன் வைக்கப்படும்.

சக்கர நாற்காலியைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். மேல் ஒழுங்கையிலிருந்து உள்ளே நுழைந்தால், புதிய பெரிய படலை வழியாகக் காட்டின் ஓரம் வரை நாற்காலியில் போகலாம். பள்ளத்தாக்கு முழுவதும் அங்கிருந்து தெரியும், தலைக்கு மேலே ரெட் கைட் என்னும் பருந்துகள் வட்டமிடும். அதற்கு அப்பால் சரிவு செங்குத்து. அங்கே நாற்காலி இறங்காது. பாதை முழுவதும் எல்லோருக்கும் திறந்துவிட்டது என்று யாரும் அறிவிப்புகளில் எழுதவேண்டாம். நம்பி வந்தவர் நடுச்சரிவில் நிற்கக்கூடாது.

ஐந்தாவது கடப்பு இன்னொருவருடைய நில எல்லையில் நிற்கிறது. அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. சம்மதம் இல்லாமல் அதைத் தொடவும் மாட்டோம். இப்போதைக்கு, அந்த மூலைக்கு முன்னால் காட்டுப் பக்கம் திரும்பும் மற்றொரு பொதுப்பாதை வழியாக ஒழுங்கைக்கு வரலாம். சுற்று அரை மைல் கூடும், ஆனால் கடப்பு இல்லை. மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இதை மீண்டும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கக் கேட்டிருக்கிறோம். நம் செயற்குழு உறுப்பினர் ஒருவர் விண்ணப்பித்து அந்த மன்றத்தில் இடம் பெற்றிருக்கிறார். வெற்றிடம் அறிவிக்கும்போது மற்றவர்களும் விண்ணப்பியுங்கள். சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. பாதையில் நடந்து, கண்டதைப் பொறுமையாகச் சொல்லத் தெரிந்தால் போதும். உங்கள் ஊர் வேறு கவுன்சிலுக்குள் இருந்தால் அங்கும் மன்றம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பராமரிப்புக்கு முறைப்பட்டியல் போட்டிருக்கிறோம். இலையுதிர்காலத்தில் ஒருதரம், வசந்தத்துக்கு முன் ஒருதரம் இருவர் போய்ப் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டு, கூட்டுக்குள் வளரும் முட்செடியைக் கத்தரித்து, தூணின் அடி கரைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மேட்டுப் படலைக்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். ஆற்றோரப் படலைக்கு இன்னும் இருவர் தேவை. ரப்பர் சப்பாத்து கட்டாயம், மாரியில் அங்கே கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

இங்ஙனம்,
செயற்குழு