அந்தப் பொண்ணு பேரு என்ன பாப்பா?

பாப்பா,

நீ அனுப்புன போட்டோவ நேத்து ராத்திரி அம்மா தூங்கினப்புறம் ரொம்ப நேரம் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துட்டே இருந்தேன். தலைல செங்கல், இடுப்புல புள்ள, பின்னாடி சூளைப் புகை, சாயங்கால லைட் அந்தப் பொண்ணு முகத்துல பாதிக்கு மட்டும் விழுந்திருக்கு. முதல் பரிசு குடுத்தது சரிதான், முப்பது வருஷம் ஸ்டூடியோ வச்சிருந்தவன் சொல்றேன், எனக்கு இப்படி ஒரு படம் வாய்க்கல.

ஆனா போன்ல பேரு கேட்டதுக்கு, "தெரியலப்பா, அங்க பத்து நிமிஷம்தான் இருந்தோம்"னு சொல்லிட்டு நீ வேற பேச்சுக்குப் போயிட்ட. எனக்கு அதுலயே மனசு நின்னு போச்சு.

காலேஜ் படிக்கறப்போ நீதான எனக்கு அந்தப் படத்தக் காட்டுன, டோரதியா லாங்னு ஒரு அமெரிக்க போட்டோகிராபர் அம்மா எடுத்தது, புள்ளைங்களோட உக்காந்திருக்கற ஒரு தாயோட படம், 1936 மார்ச், கலிபோர்னியால நிபோமோங்கற ஊரு, பனில பட்டாணி வெள்ளாமை கருகிப்போய் கூலி இல்லாம கெடந்த சனங்களோட முகாம். லாங்கும் அங்க பத்து நிமிஷம்தான் இருந்தாங்களாம், பேரக் கேக்கல. பேப்பர்ல படம் வந்ததும் கவர்மென்ட் 20,000 பவுண்டு சாப்பாட்டுச் சாமான் அந்த முகாமுக்கு அனுப்புச்சு, படத்துனால நல்லது நடந்துச்சு, அத நான் இல்லேன்னு சொல்லல. ஆனா சாமான் வந்து சேர்றதுக்குள்ள படத்துல இருந்த குடும்பம் வேற வேலை தேடிப் போயிடுச்சு. அந்தத் தாயோட பேரு ஃப்ளோரன்ஸ் தாம்சன்னு ஊருக்குத் தெரிஞ்சதே 1978லதான், அப்ப அவங்க சொன்னாங்க, அந்தப் படத்த எடுக்காமலே இருந்திருக்கலாம், எனக்கு ஒரு பைசா வரல, படத்துல ஒரு காப்பி அனுப்பறேன்னாங்க அதுவும் வரலன்னு. லாங்குக்கும் அதுல ராயல்டி கெடையாது, கவர்மென்ட் சம்பளத்துக்கு எடுத்த படம், அதனால அவங்கள நான் திட்ட மாட்டேன். 1983ல ஃப்ளோரன்ஸ் படுத்த படுக்கையா இருந்தப்ப அதே படத்தப் பாத்த சனங்க 35,000 டாலருக்கு மேல அனுப்புனாங்க. இருந்தாலும் அந்த காப்பி விஷயம் எனக்கு ஆறவே இல்ல.

ஏன்னா நானும் அதச் செஞ்சிருக்கேன், உங்கிட்ட சொன்னதில்ல. நீ பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு கெழவி முதியோர் பென்ஷனுக்கு பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்துச்சு. முகம் அப்படி ஒரு முகம், சுருக்கம் ஒவ்வொண்ணும் தெளிவா இருக்கு, நெகட்டிவப் பாத்ததும் ஆசை தாங்காம முழு ஃப்ரேமையும் 12க்கு 15 போட்டு ஷோகேஸ்ல மாட்டிட்டேன். ஊரே பாராட்டுச்சு. ஒரு மாசம் கழிச்சு சந்தைக்கு வந்த கெழவி கண்ணாடி முன்னாடி நின்னுது. படத்துல ஜாக்கெட் தோள்ல கிழிஞ்சு ஊக்கு குத்தியிருக்கும், அத நான் ஒரு அழகாத்தான் பாத்தேன். அது படத்தப் பாத்துட்டே தன்னோட முந்தானைய இழுத்து அதே தோள மூடுச்சு பாப்பா. அப்புறம் உள்ள வந்து, "சொல்லியிருந்தா நல்ல சீலை கட்டிட்டு வந்திருப்பேனே தம்பி"ன்னுச்சு, அவ்ளோதான், திட்டல. அன்னைக்கே கழட்டிட்டேன். அந்தக் கை தோளுக்குப் போனது இன்னும் கண்ணுல இருக்கு.

நீ கேட்டிருந்தா அந்தப் பொண்ணு சந்தோஷமாவே சரின்னிருக்கலாம், இல்ல இடுப்புல இருக்கற புள்ளய எறக்கிவிட்டுட்டு எடுன்னு சொல்லியிருக்கலாம், அத முடிவு பண்ண வேண்டியது அவதான. அந்தப் படத்துக்கு "பசி"ன்னு நீ பேரு வச்சிருக்க, அவளுக்குப் பசின்னு அவ சொன்னாளா?

ஒருக்கா திருவள்ளூர் போயிட்டு வா. மழை எறங்கிட்டா சூளைய நிறுத்திடுவாங்க, எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் போயிடுவாங்க, அதுக்கு முன்னாடி போ. பரிசு வந்ததச் சொல்லு, இந்தப் படம் வெளில இருக்கலாமா வேணாமான்னு கேளு, வேணாம்னா எடுத்துடு, பரிசு போனாலும் போகட்டும். காசு விஷயத்த நீயே யோசிச்சுக்க. ஒரிஜினல் ஃபைல எனக்கு அனுப்பு, இங்க லேப்ல மேட் பேப்பர்ல 8க்கு 12 போட்டு கொரியர் பண்றேன், லேமினேஷன் பண்ணித்தான் அனுப்புவேன், சூளைப் புழுதில வெறும் பிரிண்ட் தாங்காது.

அப்பா