ஞாயிறு கதை வாசிப்பு: விண்வெளிக் கொள்ளையர்

பெற்றோர்களுக்கு வணக்கம். நம் பிள்ளைகள் எழுதும் விண்வெளிக் கொள்ளையர் கதைகளின் வாசிப்பு, வரும் 18ஆம் தேதி ஞாயிறு காலை 10 மணிக்கு, குடியிருப்புக் கூடத்தில்.

1. கதை நான்கு பக்கத்துக்குள். வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பவும்.

2. பழிவாங்கல் இருக்கட்டும், ஆனால் எதற்காக என்று புரிய வேண்டும். இதுவரை வந்த எல்லாக் கதையிலும் முதல் பக்கத்திலேயே கப்பல் வெடித்துவிடுகிறது!

3. விண்வெளியில் காற்று இல்லை; வெடிச்சத்தம் கேட்காது. சொல்லிவையுங்கள்.

4. கதைக்களம் கிடைக்காதவர்களுக்கு நம் ஊட்டி முத்தோரை ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது: 530 மீட்டர் நீளம், 1970 முதல் இயங்குகிறது. கொள்ளையரின் சிக்னலை முதலில் அது பிடிக்கட்டுமே.

5. கூடத்தில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். டீயும் வர்க்கியும் அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.