டாக்கோவுக்குக் கெட்சப் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சமையல் பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை, எழுதுகிறேன். மைதா சப்பாத்தியில் ராஜ்மாவையும் துருவிய சீஸையும் வைத்து, மேலே தக்காளி கெட்சப் ஊற்றி மடித்து, 'அசல் மெக்சிகன் டாக்கோ' என்று போட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த 'அசல்' என்ற சொல்லோடுதான் சண்டை.

நான் இருப்பது சிகாகோவில், 26ஆம் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில். லிட்டில் வில்லேஜ் என்று பெயர், அங்கே குடியிருக்கும் மெக்சிகோக்காரர்கள் லா வியீத்தா என்பார்கள். தெருவுக்குக் குறுக்கே 'வருக' என்று ஸ்பானிய மொழியில் எழுதிய பெரிய வளைவு நிற்கும், அதைத் தாண்டினால் காய்கறிக் கடை, நகைக்கடை, கல்யாண கவுன் விற்கிற கடை, பேக்கரி, மறுபடியும் பேக்கரி. நான் போகிற கடையில் முன்பக்கம் ரொட்டி, பின்பக்கம் டாக்கோ அடுப்பு. ஏழு வருடமாக ஞாயிறு காலை அங்கேதான்.

முதல் நாள் போய் நம்மூர் பேக்கரி மாதிரி கண்ணாடிக்கு முன்னால் நின்று 'அது இரண்டு, இது இரண்டு' என்று விரலை நீட்டிக்கொண்டிருந்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. பின்னால் நின்ற ஒரு பாட்டி என் கையில் ஒரு வட்டத் தட்டையும் இடுக்கியையும் திணித்தார். அப்புறம்தான் புரிந்தது: அலமாரியை நாமே திறந்து, நாமே எடுத்து, தட்டோடு கல்லாவுக்குப் போக வேண்டும், அங்கே எண்ணிப் பையில் போட்டுத் தருவார்கள். மேலே சர்க்கரை மாவு சிப்பி மாதிரி வரிவரியாக வெடித்திருக்கும் கொன்சாதான் எல்லோருக்கும் பழக்கமானது. இனிப்பு நம்மூர் கிரீம் பன்னில் பாதிகூட இராது, காபியில் முக்கித் தின்பதற்கென்றே செய்தது. அந்தக் காபியையும் சொல்ல வேண்டும், பட்டையும் பிலோன்சியோவும் போட்டுப் பானையில் கொதிக்க வைப்பார்கள். பிலோன்சியோ என்பது கூம்பு வடிவ வெல்லம், வேறொன்றுமில்லை. இலங்கைக் கறுவாப்பட்டையை அதிகம் வாங்கும் நாடுகளில் மெக்சிகோ முன்வரிசையில் இருக்கிறது என்பது தெரிந்த பிறகு அந்த வாசனை ஏன் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை என்று விளங்கியது.

சரி, டாக்கோவுக்கு வருகிறேன். நீங்கள் 'டார்டில்லா' என்று அச்சிட்டிருப்பதை அவர்கள் தொர்த்தியா என்பார்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் போகக் கழுவி, ஈரமாகவே அரைத்துத் தட்டுகிறார்கள். வெறும் சோள மாவைப் பிசைந்தால் விரிந்து உடைந்துபோகும், சுண்ணாம்பில் வெந்த மாவுதான் ஒட்டிக்கொண்டு வளையும். அது மட்டுமா, சோளத்தில் இருக்கிற நியாசின் சத்து உடம்பில் சேர்வதும் அந்தச் சுண்ணாம்பால்தான். சோளத்தை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்ட வட இத்தாலியில் ஏழைகள் சோளக்களியையே தின்று, அந்தச் சத்து இல்லாமல் வரும் பெல்லாக்ரா நோயில் விழுந்தார்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதே கதை. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, சூடான தொர்த்தியாவை முகர்ந்து பார்த்துவிட்டு 'வெத்தலப் பொட்டி வாசன அடிக்குதே' என்றார். எத்தனையோ உணவுக் கட்டுரைகள் படித்திருக்கிறேன், இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

வடக்கே சோனோரா பக்கம் கோதுமைத் தொர்த்தியாவும் உண்டு, அதனால் உங்கள் சப்பாத்தியை முழுத் தப்பு என்று தள்ள மாட்டேன். ஆனால் கெட்சப்? பச்சையாகவும் சிவப்பாகவும் இரண்டு கிண்ணத்தில் சால்சா அரைத்து வைத்திருப்பார்கள், நம் சட்னிபோல. பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, ஒரு எலுமிச்சைத் துண்டு, முடிந்தது. கறி சாப்பிடுகிறவர்கள் அல் பாஸ்தோர் கேட்க வேண்டும். லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாக் கம்பிதான் அது, ஆட்டுக்குப் பதில் பன்றி, மேலே அன்னாசி, மிளகாய் மசாலா. நம் தெருமுனை ஷவர்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 6 வந்தால் கடைக்குள் நுழைய முடியாது, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாளுக்கு வளைய ரொட்டி வாங்கத் தெரு வரை வரிசை நிற்கும். ரொட்டிக்குள் ஒரு குட்டிப் பொம்மை, யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே வாங்கித் தர வேண்டும். சோள மட்டையில் சுற்றி அவிக்கிற கொழுக்கட்டை அது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே பொம்மை என் துண்டில் வந்தது. இரண்டு டஜன் வாங்கினேன். அடுத்த வருடத்திலிருந்து துண்டை ஓரமாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

சைவ வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கையாவது நீங்கள் போட்டிருக்கலாம். இப்படிப்பட்ட கடையில் பீன்ஸ் மசியலைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் தாளிப்பார்கள், சோற்றில் கோழிச் சாறு இருக்கும். 'மான்தேகா தே புவெர்கோ?', அதாவது பன்றிக் கொழுப்பா, என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், உண்டு இல்லை என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். சப்பாத்திக்கள்ளியின் மடலை முள் சீவி வதக்கி வைத்த டாக்கோ கிடைக்கும், நோப்பால் என்று பெயர், வெண்டைக்காய் மாதிரி கொஞ்சம் வழவழப்பு. வெண்டைக்காய் பிடிக்கிறவர்களுக்குப் பிடிக்கும்.

இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டதே அம்மாவால்தான். கடையில் பன்றி வடிவத்தில் பழுப்பாக ஒரு வெல்ல ரொட்டி இருக்கும், மார்ரானித்தோ. அம்மா முட்டைகூடத் தொடாதவர், இதில் பன்றி இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார். வடிவம் மட்டும்தான் பன்றி, முட்டையும் இல்லை, உள்ளே எல்லாம் வெல்லம் என்று நான் அடித்துச் சொன்னேன், ரசித்து இரண்டு சாப்பிட்டார், மூன்றை ஊருக்குப் பொட்டலம் கட்டினார். அடுத்த வாரம் சும்மா கல்லாவில் கேட்டேன். அந்தக் கடையில் அதற்கு மான்தேகாதான் போடுகிறார்களாம்.

அம்மா உங்கள் இதழின் சந்தாதாரர், கடிதங்கள் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார். ஆகவே இதை வெளியிடுவதானால் தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சிகாகோ