பெரியவர்களுக்கும் மறைக்கல்வி வேண்டும்: பங்குத்தந்தையர்களுக்கும் பேரவைகளுக்கும் ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பங்குத்தந்தையர்களுக்கும் பங்குப்பேரவைப் பொறுப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பெரியவர்களுக்கு மறைக்கல்வி, அதாவது விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு, நடத்துங்கள் என்று நாங்கள் கேட்காமல் இல்லை. பேரவைக் கூட்டத்திலும் கேட்டோம், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்திலும் கேட்டோம். "பார்க்கலாம்", "திருவிழா முடியட்டும்", "கூப்பிட்டால் யார் வருவார்கள்?" இவைதான் கிடைத்த பதில்கள். இந்த ஆண்டு எங்கள் பங்கில், பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளில் ஒன்றைப் பார்த்தேன். அதற்குப் பிறகும் சும்மா இருக்க மனம் வரவில்லை.

புதுநன்மை வாங்கும் பிள்ளையோடு தாய் தகப்பனும் கூட வந்து நன்மை வாங்குவது எங்கள் வழக்கம். வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுதிரியுமாகப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒரு சிறுமி மட்டும் தனியாக நின்றாள். திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அவளுடைய அம்மா கடைசி பெஞ்சில், சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்ததும் போய்க் கேட்டேன். குடித்துவிட்டு அடித்த கணவன், பிறகு வேறொரு பெண்ணோடு குடும்பம் வைத்துக்கொண்டான். இவர் கைக்குழந்தையோடு தாய்வீடு வந்துவிட்டார். ஓசூர் பக்கம் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்த்தான் பிள்ளையை வளர்க்கிறார். "புருஷனை விட்டுட்டு வந்தவ நன்மை வாங்கக் கூடாதுன்னு சொன்னாங்கக்கா" என்றார். சொன்னது எந்த ஃபாதரும் இல்லை. உறவில் ஒரு பெரியம்மா சொன்னாராம். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர் இவர். மற்றவர்கள் நன்மை வாங்க எழுந்துபோகும்போது காலை ஒதுக்கி வழிவிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கைக்குழந்தை இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறது.

அப்படி ஒரு தடை திருச்சபையில் இல்லை என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஃபாதரிடம் அழைத்துப் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தப் பெண் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

தந்தையர்களே, இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. கணவனைப் பிரிந்து வாழ்வது நற்கருணைக்குத் தடையே இல்லை. சட்டப்படி விவாகரத்து ஆனவர்கூட, மறுமணம் செய்யாமல் இருந்தால், நற்கருணை போன்ற அருளடையாளங்களைப் பெறத் தடையில்லை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் குடும்பங்களுக்காக எழுதிய ஊக்கவுரையிலேயே சொல்லியிருக்கிறார். குருமடத்தில் நீங்கள் இதைப் படித்திருப்பீர்கள். தெரிந்திருக்க வேண்டிய அந்தப் பெண்ணுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஐந்து நிமிடப் பதில் கிடைக்காமல் ஒரு தாய் இத்தனை ஆண்டு பட்டினி கிடந்திருக்கிறார்.

அவர் ஒருவர்தான் என்று நினைக்காதீர்கள். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதல் என்றால் சாகப்போகிறவருக்குத்தான் என்று நம்பி, ஆஸ்பத்திரிக்கு ஃபாதரை அழைக்கப் பயப்படுகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. பள்ளி வயதில் உறுதிப்பூசுதல் என்னும் அருளடையாளம் வாங்கிய அன்றோடு மறைக்கல்வி முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அந்த வயதில் படித்ததை வைத்துக்கொண்டு கல்யாணம், கடன், நோய், பிள்ளை வளர்ப்பு, சாவு எல்லாவற்றையும் சந்திக்கிறோம். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து நமக்கென்று தனியாகத் தருமபுரி மறைமாவட்டம் அமைந்தது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் இன்று தங்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டு வருகிறார்கள். அந்தக் குழந்தைக்கு விசுவாசத்தைப் பற்றி என்ன சொல்லிக்கொடுக்க முடியும் இவர்களால்?

பிரசங்கம் இருக்கிறதே என்பீர்கள். பிரசங்கத்தின் நடுவே யாரும் கையைத் தூக்கிக் கேள்வி கேட்க முடியாது. கிளைக் கிராமங்களில் சிலர் வேறு சபைக்குப் போய்விட்டார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். எங்களுக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தச் சபையிலிருந்து ஒருவர் அவர்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, விவிலியத்தை விரித்து, கேட்டதற்குப் பதில் சொன்னார். நம் பக்கத்திலிருந்து யார் போனோம்? ஒரு காலத்தில் உபதேசியார் ஊர் ஊராக நடந்துபோய்ச் சொல்லிக்கொடுத்தார் என்று கோவிலூர், எலத்தகிரி பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இன்று திருவிழா வரிக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறோம். தேருக்கு சீரியல் லைட், பேண்டு, வாணவேடிக்கை என்று செலவுக்குப் பணம் எப்படியோ சேர்ந்துவிடுகிறது. பேரவைக் கூட்டம் பாதி ராத்திரிவரை அந்தக் கணக்கிலேயே ஓடுகிறது. மறைக்கல்வி என்று யாராவது வாயெடுத்தால் நேரமாகிவிட்டது என்று செபம் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். பெரியவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் மறைக்கல்வி வேண்டும். நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டம், எண் 776, மறைக்கல்வியைப் பங்குத்தந்தையின் கடமை என்கிறது. யார் யாருக்கு என்று சொல்லும்போது பெரியவர்களை முதலில் சொல்லிவிட்டுத்தான் இளைஞர்களையும் சிறுவர்களையும் சொல்கிறது. 1979-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பெரியவர்களுக்கான மறைக்கல்விதான் மறைக்கல்வியின் முதன்மையான வடிவம் என்றார்.

ஒரே ஃபாதர் பத்துக் கிராமத்தையும் பள்ளிக்கூடத்தையும் பார்க்க வேண்டியிருப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எல்லாவற்றையும் நீங்களே நடத்த வேண்டாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் முறையான பணியாகவே ஏற்படுத்தினார். ஆண்கள், பெண்கள் இருவருக்கும். திண்டிவனத்தில் விவிலியம், மறைக்கல்வி, திருவழிபாட்டுக்கென்று தமிழகத் திருச்சபையின் நடுநிலையமே இருக்கிறது. பங்குக்கு இரண்டு பேரையாவது பயிற்சிக்கு அனுப்புங்கள். ஆசிரியர்களும் நர்சுகளும் ஓய்வு பெற்றவர்களும் நம் பங்குகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் புதுநன்மைப் பிள்ளைகளின் பெற்றோரை வைத்துத் தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் பக்கத்து அறையில் பெற்றோருக்கும் நடக்கட்டும். ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு அவர்கள் சொல்லும் நேரத்தில் வையுங்கள். பாதி நேரம் பாடம், மீதி நேரம் கேள்விக்கு. வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் திருவிழாக் கணக்குக்கு முன்னால் இதை எடுத்துப் பேசும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம். நாளையும் நேரத்தையும் முடிவு செய்து ஞாயிறு அறிவிப்பில் சொல்லுங்கள். நாற்காலி போடுவது, டீ வைப்பது, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பங்கு ஒன்றின் ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியை