ஆய்வகப் பலகை வாங்கும் முன்: மின்னணுவியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் மின்னணுவியல் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எஃப்.பி.ஜி.ஏ. (உள்ளிருக்கும் சுற்றை நாமே வகுத்து, வேண்டும்போது மாற்றிக்கொள்ளக்கூடிய சில்லு) வடிவமைப்பில் இருபது ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். புதிய பட்டதாரிகளை நேர்காணல் செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி. அண்மையில் இரண்டு கல்லூரிகளிலிருந்து ஒரே கேள்வி வந்தது. பழைய ஆய்வகப் பலகைகளை மாற்றும்போது எஃப்.பி.ஜி.ஏ. மட்டும் உள்ளதை வாங்குவதா, ஏ.ஆர்.எம். செயலியும் எஃப்.பி.ஜி.ஏ.யும் ஒரே சில்லில் அமைந்த எஸ்.ஓ.சி. பலகையை வாங்குவதா என்று கேட்டிருந்தார்கள். தொலைபேசியில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை, அதனால் இம்மடல்.

இரண்டையும் ஒரே சில்லில் சேர்க்கும் எண்ணம் புதிதன்று. ஜைலிங்க்ஸ் நிறுவனம் 2002-இலேயே விர்டெக்ஸ்-2 புரோ சில்லில் பவர்பிசி செயலியைப் பதித்திருந்தது. ஆனால் அங்கே எஃப்.பி.ஜி.ஏ.தான் வீட்டுக்காரர், செயலி குடியிருக்க வந்தது. அதே நிறுவனம் 2011-இல் அறிவித்த சிங்க்-7000 எஸ்.ஓ.சி. வரிசை அந்த உறவைத் தலைகீழாக்கியது. மின்சாரம் வந்ததும் முதலில் எழுவது கார்டெக்ஸ்-ஏ9 செயலி. அதில் ஓடும் தொடக்க நிரல்தான், சுற்று எப்படி அமையவேண்டும் என்று சொல்லும் பிட்ஸ்ட்ரீமை ஏற்றி எஃப்.பி.ஜி.ஏ. பகுதியை எழுப்புகிறது. வன்பொருளை விவரிக்கும் மொழியான வெரிலாக் மட்டும் தெரிந்த பொறியாளர் அன்றிலிருந்து தன் வேலையைத் தானே தொடங்க முடியாதவராகிவிட்டார்.

இது நடைமுறையில் எப்படி வலிக்கும் என்பதை நான் இருந்த ஒரு குழுவில் பார்த்தேன். உணரியிலிருந்து வரும் தரவை எஃப்.பி.ஜி.ஏ. பகுதி டி.எம்.ஏ. வழியாக, அதாவது செயலியின் கை படாமல், நினைவகத்தில் எழுதும். லினக்ஸில் ஓடும் நிரல் அதைப் படிக்கும். அவ்வப்போது சில மாதிரிகள் மட்டும் பழையனவாக வந்தன. வன்பொருள் குழு சிமுலேஷன் அலைவடிவங்களைக் காட்டித் தன் மேல் தவறில்லை என்றது. மென்பொருள் குழு நிரலை வரிவரியாகக் காட்டி அதையே சொன்னது. இருவர் சொன்னதும் உண்மை. மூன்று வாரம் கழிந்த பிறகு, வெரிலாக்கில் தொடங்கி வன்பொருளை இயக்கும் மென்பொருளான லினக்ஸ் டிரைவர் எழுதத் தானாகவே கற்றுக்கொண்ட ஒரு சக பொறியாளர், பழைய மாதிரிகள் எப்போதும் பதினாறு பதினாறாகவே வருவதைக் கவனித்தார். ஒரு மாதிரிக்கு இரண்டு பைட். செயலி தன்னருகே தரவின் நகலை வைத்துக்கொள்ளும் சிறு நினைவகம் கேஷ்; அந்தச் செயலியின் கேஷில் ஒரு வரிக்கு 32 பைட். எஃப்.பி.ஜி.ஏ. பகுதியை நினைவகத்தோடு இணைக்க நாங்கள் பயன்படுத்திய ஹெச்.பி. போர்ட் கேஷைத் தொடாமல் நேராக நினைவகத்துக்குச் செல்வது; செயலியோ தன் கேஷில் கிடந்த பழைய நகலைப் படித்துக்கொண்டிருந்தது. படிக்கும் முன் கேஷைச் செல்லாததாக்கும் ஓர் அழைப்பைச் சேர்த்ததும் சிக்கல் தீர்ந்தது. எங்கள் சிமுலேஷனில் செயலியின் கேஷே இல்லை என்பதால் அந்தப் பிழை அங்கே தலைகாட்ட வழியே இல்லை.

இதைக் கேட்டு எல்லாரும் எஸ்.ஓ.சி.க்கே மாறவேண்டும் என்று முடிவுகட்ட வேண்டாம். நொடிக்குப் பல ஆயிரம் முறை தவறாத நேரத்தில் இயங்கவேண்டிய கட்டுப்பாட்டுச் சுற்றுக்கோ, இரண்டு இடைமுகங்களுக்கு நடுவே பாலமாக நிற்கும் சுற்றுக்கோ லினக்ஸ் ஒரு சுமைதான். செயலியும் எஃப்.பி.ஜி.ஏ.யும் தனித்தனிச் சில்லுகளாக இருந்தால், 2021-இல் வந்ததைப் போன்ற தட்டுப்பாட்டின்போது ஒன்றையாவது மாற்றிக்கொள்ள வழியிருக்கும். மறுபுறம், இரண்டுக்கும் இடையே நிறையத் தரவு ஓடவேண்டுமானால், பலகையின் மேல் போடும் தடங்கள் சில்லுக்குள் இருக்கும் நான்கு 64-பிட் ஹெச்.பி. போர்ட்டுகளுக்கு ஈடாவது கடினம்.

எனவே என் வேண்டுகோள் இது. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆர்டிக்ஸ்-7 போன்ற தனி எஃப்.பி.ஜி.ஏ. பலகையையே கொடுங்கள். அதில் செயலி இல்லாதது குறையன்று. செயலியையே கட்டிப் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலி, ஆர்டிக்ஸ்-7 சில்லு கொண்ட ஆர்ட்டி ஏ7 பலகையில் ஓடுகிறது என்பதை மாணவர்கள் தம் கண்ணால் பார்க்கட்டும். எஸ்.ஓ.சி. பலகைகள் இறுதியாண்டுக்குச் சில போதும். ஆனால் அதில் ஒரே மாணவர் வெரிலாக், டிவைஸ் ட்ரீ (என்னென்ன வன்பொருள் உள்ளது என்று லினக்ஸுக்குச் சொல்லும் விவரக் கோப்பு), டிரைவர் மூன்றையும் எழுதவேண்டும். பைத்தானில் நான்கு வரி எழுதி ஆயத்த ஓவர்லேயை (பிறர் கட்டிவைத்த எஃப்.பி.ஜி.ஏ. சுற்றை) அழைத்தால் வீடியோ அழகாக ஓடும், பார்வையிட வரும் குழுவும் மகிழும். மாணவருக்கு உள்ளே நடப்பது தெரியாது.

எந்த வேலை செயலிக்கு, எது எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு என்ற எல்லைக்கோடு எங்கே என்று தேர்விலும் கேளுங்கள். நொடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) கொண்ட 1920 × 1080 படத்தில் நொடிக்கு 12,44,16,000 படப்புள்ளிகள் வரும். 650 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செயலிக் கரு ஒன்றுக்கு ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ ஐந்து சுழற்சியே கிடைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்பது பெருக்கல் தேவைப்படும் 3 × 3 வடிகட்டியை அதற்குள் அடக்கப் பார்ப்பது வீண். எஃப்.பி.ஜி.ஏ. பகுதியில் ஒன்பது பெருக்கிகளைப் பக்கம்பக்கமாக வைத்தால் சுழற்சிக்கு ஒரு புள்ளி வெளிவரும். அதே கேள்வியில் படத்தை 320 × 240 ஆகவும் சட்டங்களை 25 ஆகவும் மாற்றினால் ஒரு புள்ளிக்கு 338 சுழற்சி கிடைக்கும், அப்போது எஃப்.பி.ஜி.ஏ.யே வேண்டாம் என்று எழுதும் மாணவருக்குத்தான் முழு மதிப்பெண் தரவேண்டும். நேர்காணலில் இந்த இரண்டாவது பதிலை நான் இதுவரை மிகச் சிலரிடமே கேட்டிருக்கிறேன்.

ஏற்கெனவே எஸ்.ஓ.சி. பலகைகளை மட்டும் வாங்கிவிட்ட கல்லூரிகள் கவலைப்பட வேண்டியதில்லை, ஜே.டேக் (கணினியிலிருந்து சில்லை நேராக எட்டும் இணைப்பு) வழியாக பிட்ஸ்ட்ரீமை நேரடியாக ஏற்றி, செயலியை முதல் இரண்டு பருவங்களுக்குத் தொடாமலே வைத்திருக்கலாம். ஆய்வகப் பயிற்சிகளை வகுக்கும்போது துணை தேவைப்பட்டால், சனிக்கிழமைகளில் வந்து ஆசிரியர்களுடன் உட்கார நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவர்களுள் ஒருவன்